கணினிச் செயலியின் வெப்பநிலை: அளப்பதும் அறிவதும்

சென்ற ஆண்டின் இறுதியில் நண்பர் ஒருவர் பரபரப்போடு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியே கணிதம் கற்பித்துப் பிழைப்பவர் அவர். பாடத்தின் நடுவே கணினி மந்தமாகிவிடுகிறதென்று பழுதுபார்க்கும் கடையொன்றுக்கு அதைத் தூக்கிச் சென்றிருக்கிறார். கடைக்காரர் ஒரு மென்பொருளை இயக்கி, அதில் சிவப்பெழுத்தில் நின்ற 127 பாகை என்னும் எண்ணைச் சுட்டிக்காட்டி, "தண்ணீரே நூறு பாகையில் கொதித்துவிடுகிறது, உங்கள் செயலி நூற்றிருபத்தேழில் நிற்கிறது. அது வெந்தே போயிற்று. தாய்ப்பலகையோடு சேர்த்து மாற்றினால்தான் தீரும்" என்று சொல்லி, 1,400 வெள்ளிக்குக் கணக்கெழுதிக் கொடுத்தாராம்.

"அண்ணே, தேர்வு நெருங்கிவிட்டது. பிள்ளைகளைப் பாதியில் விட முடியாது. இவ்வளவு பணத்தைப் புரட்ட மூன்று மாதம் ஆகுமே" என்றார் நண்பர்.

"அந்த 127 எப்போதாவது கூடிக் குறைகிறதா?" என்று கேட்டேன்.

"இல்லையண்ணே. கடையில் பார்த்தபோதும் 127; இன்று காலை வீட்டில் முடுக்கியதும் 127; இப்போதும் அதேதான்."

இரவெல்லாம் அணைந்து கிடந்த ஒரு பொறி, முடுக்கிய நொடியிலேயே 127 பாகை காட்டுமானால் அந்த எண்ணை வெப்பநிலை என்று கொள்வதற்கில்லை. அப்படியானால் அது யாது? அதற்கு விடை காண வேண்டுமாயின், கணினி தன் சூட்டைத் தானே எவ்வாறு அளந்துகொள்கிறது என்பதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். நண்பரைப் போலவே பலரும் இன்று இத்தகைய எண்களைத் திரையில் கண்டு அஞ்சுகின்றனர். வேறு சிலர் அஞ்ச வேண்டிய எண்ணைக் கண்டும் வாளா இருந்துவிடுகின்றனர்.

ஒரு சொல்விளக்கம் முதலில். செயலி என்று இக்கட்டுரையில் குறிப்பது கணினியின் மையத்தில் அமர்ந்து கணக்கிடும் சிலிக்கன் சில்லையே. கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளையும் இந்நாளில் அதே சொல்லால் வழங்குகிறோம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

சூடு பிறக்கும் இடம்

செயலிக்குள் செல்லும் மின்சாரம் முழுவதும், கணக்கு முடிந்தபின் வெப்பமாகவே வெளியேறுகிறது. அடுப்பு, விளக்கு, விசிறி ஆகியவற்றோடு ஒப்பிட அதன் அளவு பெரிதன்று. ஆனால் அது பிறக்கும் இடமோ மிகச் சிறிது. இன்டெல் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ9-13900கே என்னும் செயலி, முழு வேகத்தில் 253 வாட் வரை உட்கொள்ளும். அதன் சில்லின் பரப்போ ஏறத்தாழ இரண்டரைச் சதுர சென்டிமீட்டர்தான். கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிது. சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 வாட் என்று ஆகிறது. நம் சமையலறையில் இருக்கும் 1,500 வாட் மின்னடுப்பை எடுத்துக்கொள்வோம். அதன் வட்டம் 18 சென்டிமீட்டர் குறுக்களவு உடையதாயின், சதுர சென்டிமீட்டருக்கு 6 வாட்தான் வருகிறது. சோறு பொங்கும் அடுப்பைக் காட்டிலும் பதினாறு மடங்கு நெருக்கமாக வெப்பம் ஊறும் ஓர் இடத்தை, ஒரு பட்டை உலோகத்தையும் விசிறியையும் கொண்டு ஆற்றிவைத்திருக்கிறோம் என்பது வியக்கத்தக்கதே.

இங்கு ஓர் உண்மை தானே வெளிப்படுகிறது. இவ்வளவு நெருக்கமாக வெப்பம் பிறக்குமிடத்தில், வெப்பநிலை எங்கும் ஒன்றாயிராது. கணக்கிடும் டிரான்சிஸ்டர்கள் அடர்ந்த மூலையில் ஒரு வெப்பநிலை. நினைவகம் இருக்கும் ஓரத்தில் வேறொன்று. சில்லின் மேல் மூடியாக இருக்கும் உலோகத் தகட்டில் இன்னொன்று. அடியில் உள்ள பொருத்துவாயில் மற்றொன்று. "செயலியின் வெப்பநிலை என்ன?" என்று ஒருவர் கேட்டால், "செயலியில் எவ்விடத்தின் வெப்பநிலை?" என்று திருப்பிக் கேட்பதே முறை. இந்தத் திருப்பிக் கேட்பு இல்லாமையால் விளைந்த குழப்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அவற்றுள் ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். 2011ஆம் ஆண்டில் வந்த இன்டெல் ஐ7-2600கே செயலியின் விவரக்குறிப்பில் 72.6 பாகை என்று ஒரு வரம்பு காணப்பட்டது. மென்பொருள் காட்டும் எண் 75 ஆனதும் பலர் அலறினர். உண்மையில் 72.6 என்பது மேல்மூடியின் நடுப்புள்ளிக்கு உரிய வரம்பு. அதை அளக்க வேண்டுமானால், மூடியில் மெல்லிய பள்ளம் செதுக்கி, அதில் தெர்மோகப்பிள் என்னும் இரட்டை உலோகக் கம்பியைப் பதித்துப் பார்க்க வேண்டும். அது ஆய்வுக்கூடத்து வேலை. வீட்டில் எவரும் செய்வதில்லை. மென்பொருள் காட்டும் எண்ணோ சில்லின் உள்ளே இருக்கும் உணரியினுடையது. அதற்குரிய வரம்பு 98 பாகை. இரு வேறு இடங்களின் எண்களை ஒன்றோடொன்று மோதவிட்டதால் வந்த வீண் கலக்கம் அது.

உணரிகளின் கதை

தொடக்க காலத்துச் செயலிகளுக்குச் சூட்டை அளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவற்றின்மேல் விசிறியும் இல்லை. தேவை வந்தபோது முதலில் கையாண்ட வழி எளியது. செயலி அமரும் பொருத்துவாயின் நடுவே, சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் என்னும் சிறு மணியை வைத்தார்கள். அது செயலியின் அடிப்புறத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். மேலே சில்லு கொதித்தாலும் கீழே உள்ள மணிக்கு அச்செய்தி தாமதமாகவும் தேய்ந்தும்தான் வந்துசேரும். தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை அதன் கணக்கும் வேறுபடும்.

இதன் விளைவு எத்தகையது என்பதை 2001ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்னும் கணினி இதழ் ஒரு சோதனையால் வெளிப்படையாகக் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் செயலிமீது பொருத்திய வெப்பத் தகட்டைத் திடீரெனக் கழற்றினார்கள். பென்டியம் 4 செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, தடுமாறியபடி ஓடிக்கொண்டே இருந்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது. ஆயினும் உயிர் பிழைத்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் செயலிகளோ புகைந்து கருகின. தன் சூட்டைத் தானே அறிந்து, அறிந்த கணத்தில் தானே அடங்கும் ஆற்றல் இருந்ததும் இல்லாததுமே இந்த வேறுபாட்டிற்குக் காரணம். நொடிக்கணக்கில் தாமதிக்கும் உணரி எவரையும் காப்பாற்றாது. அச்சோதனையின் காட்சியைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவதுண்டு.

அடுத்த படி, சில்லின் உள்ளேயே ஒரு டையோடைச் செதுக்கி வைப்பது. இதன் விஞ்ஞானம் அழகியது. சற்று நின்று பார்க்கத் தக்கது. சிலிக்கன் டையோடு ஒன்றில் ஒரே அளவு மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டிருந்தால், சூடு ஒரு பாகை ஏறும்போது அதன் இருமுனை மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். ஆனால் டையோடுக்கு டையோடு தொடக்க அளவு வேறுபடுவதால், இதை மட்டும் நம்பி அளக்க இயலாது. ஆகவே ஓர் உபாயம் செய்தனர். ஒரே டையோடில் முதலில் சிறு மின்னோட்டத்தையும், அடுத்து அதன் பத்து மடங்கையும் செலுத்தி, இரண்டு மின்னழுத்தங்களின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டனர். தனித்தனி டையோடுகளுக்கு உரிய குறைகள் அந்தக் கழித்தலில் பெரும்பாலும் அடிபட்டுப் போகின்றன. எஞ்சும் வேறுபாடு, கெல்வின் அளவில் கூறப்படும் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதமானது. 300 கெல்வினில், அஃதாவது ஏறத்தாழ 27 பாகை செல்சியஸில், அது 59.5 மில்லிவோல்ட். அதற்குமேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.2 மில்லிவோல்ட் கூடும்.

உபாயம் அழகியதாயினும் ஓர் இடுக்கு உண்டு. மெய்யான டையோடு, ஏட்டில் எழுதிய சூத்திரத்தைச் சிறிது பிசகியே நடக்கும். அந்தப் பிசகைக் குறிக்கும் எண் ஒன்றைக் கணக்கில் பெருக்கிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணில் நூற்றில் ஒரு பங்கு தவறு நேர்ந்தால், விடையிலும் நூற்றில் ஒரு பங்கு தவறு வரும். "நூற்றில் ஒன்றுதானே?" என்று எண்ணிவிடக் கூடாது. 77 பாகை செல்சியஸ் என்பது 350 கெல்வின். அதில் நூற்றில் ஒன்று மூன்றரைப் பாகை. தாய்ப்பலகையில் உள்ள அளவைச் சில்லு ஒரு வகைச் செயலிக்குச் சரியாக இருந்து, மற்றொரு வகைக்கு மூன்று நான்கு பாகை பொய் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

உச்சியிலிருந்து எண்ணும் வழக்கம்

2006ஆம் ஆண்டில் வந்த கோர் டூயோ செயலிகளிலிருந்து, இன்டெல் நிறுவனம் அளக்கும் வேலையையும் சில்லுக்குள்ளேயே முடித்துவிட்டது. ஒவ்வொரு கருவிலும் ஓர் உணரி. அதன் விடை எண்ணாகவே வெளிவரும். இங்குதான் வாசகர்கள் கவனிக்க வேண்டிய முக்கியச் செய்தி இருக்கிறது. அந்த உணரி தரும் எண் வெப்பநிலை அன்று! அச்செயலிக்கு விதித்த உச்ச வரம்பிற்கு இன்னும் எத்தனை பாகை மிச்சம் இருக்கிறது என்பதையே அது தருகிறது. "முப்பது" என்று உணரி சொன்னால் வரம்பிற்கு முப்பது பாகை கீழே இருக்கிறோம் என்று பொருள். வரம்பு 100 ஆயின், மென்பொருள் 100இலிருந்து 30ஐக் கழித்து 70 என்று திரையில் எழுதும்.

ஆகவே திரையில் நாம் காணும் எண் ஒரு கழித்தல் கணக்கின் விடை. கழிக்கப்படும் எண்ணை உணரி தருகிறது. எதிலிருந்து கழிப்பது என்பதை மென்பொருள் அறிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் மேசைக் கணினிச் செயலிகளுக்கு அந்த வரம்பை இன்டெல் வெளியிடவில்லை. மென்பொருள் எழுதியவர்கள் தத்தம் சோதனையால் ஊகித்து ஓர் எண்ணை வைத்தனர். ஒரே கணினியில் இரண்டு மென்பொருள்கள் ஐந்து, பத்துப் பாகை வேறுபட்ட விடைகளைக் காட்ட, எது மெய் என்று மக்கள் ஓயாது வாதிட்ட காலம் அது. 2008ஆம் ஆண்டில் இன்டெல் அவ்வெண்களை அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த புதிய செயலிகளில், வரம்பையும் சில்லுக்குள்ளேயே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தது. மென்பொருள் அதைப் படித்துக்கொள்ளலாம். வாதம் அடங்கிற்று.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. இவ்வுணரிகள் உச்ச வரம்பை ஒட்டிய சூட்டில் சரியாக இருக்கும்படி அமைக்கப்பட்டவை. செயலியைக் காப்பதே அவற்றின் கடமை. ஆபத்து இருக்குமிடம் உச்சிதான். கீழே இறங்க இறங்கப் பிசகு கூடுகிறது. சில பழைய செயலிகளில், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உணரி அசையாமல் ஒரே எண்ணில் சிக்கிக்கொண்டதும் உண்டு. எனவே, 90 பாகை என்று காட்டினால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். 34 பாகை என்று காட்டினால் அது 30ஆகவும் இருக்கலாம், 40ஆகவும் இருக்கலாம். "என் கணினி சும்மா இருக்கையில் 34; உன்னுடையது 38" என்று நண்பர்கள் போட்டியிடுவதில் பொருளில்லை.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் வழக்கம் இன்னும் விசித்திரமானது. அதன் பல செயலிகள் தருவது விசிறியை ஆளுவதற்கென வைத்த ஓர் எண். அது பாகையில் சொல்லப்பட்டாலும் உண்மையான வெப்பநிலையைக் குறிப்பதன்று என்று அந்நிறுவனத்தின் ஏடுகளே தெளிவாகக் கூறியிருந்தன. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவை, மெய்யான சூட்டோடு 20 பாகையைக் கூட்டியே சொல்லின. 38 பாகையில் அமைதியாக இருக்கும் செயலி 58 என்று காட்டும். அதே குடும்பத்துச் செயலிகள் அனைத்துக்கும் ஒரே விதமான விசிறி ஒழுங்கு அமையட்டும் என்பதே நோக்கம். செய்தி பரவும் முன், புத்தம்புதிய கணினியை வாங்கியவர்கள் பட்ட கவலைக்கு அளவில்லை. கூட்டிச் சொன்ன 20ஐக் கழிக்க மென்பொருள்கள் பின்னரே கற்றுக்கொண்டன. இதற்கு மாறாக, அந்நிறுவனத்தின் முந்தைய செயலிகள் சிலவற்றில், சும்மா இருக்கும்போது அறையின் வெப்பநிலையைவிடக் குறைவான எண் தோன்றும். காற்றை ஊதி ஆற்றப்படும் பொருள், அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாதல் இயலாது. அத்தகைய எண்ணைக் கண்ட மாத்திரத்தில் அளவை பிசகு என்று துணியலாம்.

127இன் மர்மம்

இனி நண்பரின் 127க்கு வருவோம். செயலிக்குள் இருக்கும் உணரிகளோடு, தாய்ப்பலகையிலும் ஓர் அளவைச் சில்லு உண்டு. அதற்குப் பல உள்வாயில்கள். தாய்ப்பலகை செய்பவர் அவற்றில் இரண்டையோ மூன்றையோ பயன்படுத்திவிட்டு, மற்றவற்றை எதனோடும் இணைக்காமல் விட்டுவிடுவார். மென்பொருளுக்கு இது தெரியாது. எல்லா வாயில்களையும் படித்து வரிசையாக எழுதிவிடும். இணைப்பற்ற வாயில் தன் அளவின் கடைசி எண்ணில் போய் முட்டி நிற்கும். எட்டு பிட்டுகளில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போனால், எஞ்சிய ஏழில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127. வெப்பமானியின் பாதரசம் குழாயின் நுனியில் முட்டி நிற்பதைப் போன்றது அது. வெறுங்கம்பியின் சூட்டுக்கு 1,400 வெள்ளி கேட்டிருக்கிறார்கள்!

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. பாடத்தின் நடுவே கணினி மந்தமாவதாக நண்பர் சொன்னது பொய்யன்று. அதே மென்பொருளில், நாலைந்து வரிகளுக்குக் கீழே, செயலியின் கருக்களுக்குரிய எண்கள் கறுப்பெழுத்தில் இருந்தன. பாடம் நடத்துகையில் அவற்றைப் பார்க்கச் சொன்னேன். 99, 100, 100, 98. வரம்பும் 100. பக்கத்தில் கருக்களின் வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.2க்கு இறங்கியிருந்தது. சிவப்பெழுத்தில் இருந்த பொய்யை எல்லாரும் பார்த்தார்கள். கறுப்பெழுத்தில் இருந்த மெய்யை ஒருவரும் பார்க்கவில்லை.

எண்ணைப் படிக்கும் முறை

எண் மெய்தான் என்று தெளிந்த பிறகும், அதற்குப் பொருள் காண்பது தனிக்கலை. முதலில் வேண்டியது அறையின் வெப்பநிலை. குளிர்நாட்டு எழுத்தாளர் ஒருவர் தம் அறையில் 21 பாகையில் அமர்ந்துகொண்டு, "இச்செயலி இந்த விசிறியோடு 61 பாகை" என்று எழுதுகிறார். அதே பொருள்களை வாங்கிவந்து ஈப்போவிலோ சிராங்கூனிலோ குளிரூட்டியில்லாத அறையில் வைத்தால் 70, 71 என்று வரும். இதில் ஏமாற்றம் ஏதுமில்லை. செயலி உட்கொள்ளும் வாட்டை, வெப்பத் தகட்டின் தடையால் பெருக்கினால், சுற்றியுள்ள காற்றுக்கு மேலே எத்தனை பாகை ஏறும் என்பது கிடைக்கும். 65 வாட் செயலி, வாட்டுக்கு 0.6 பாகை என்ற தகடு, பெருக்கினால் 39. காற்று 22 ஆனால் செயலி 61; காற்று 31 ஆனால் 70. காற்றின் சூடு அப்படியே தலைமேல் ஏறிக்கொள்கிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்று அறைக்காற்றைவிட மேலும் சில பாகை சூடாகவே இருக்கும், அதையும் கூட்டிக்கொள்க. சிங்கப்பூரில் 1983இலும் 2023இலும் 37 பாகையும், பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998இல் 40.1 பாகையும் பதிவாயின என்பதை நினைத்தால், நம் ஊர்க் கணினிக்கு எவ்வளவு இடைவெளி தேவை என்பது விளங்கும்.

இரண்டாவது, காலம். சில்லு மிகச் சிறியது. ஆகவே வேலை வந்தவுடன் கண்ணிமைப்பதற்குள் பத்திருபது பாகை ஏறிவிடும். வேலை போனதும் இறங்கிவிடும். தகடோ கனத்த உலோகம். அது முழுச் சூட்டை எட்டப் பத்துப் பதினைந்து நிமிடமாகும். மென்பொருள் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. அது பார்க்கும் கணத்தில் துள்ளல் இருந்தால் பெரிய எண். இல்லையேல் சிறிய எண். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு "62தான்" என்று மகிழ்வதும் தவறு; ஓய்வில் இருக்கையில் ஒரு கணம் 70 தோன்றிற்றென்று கலங்குவதும் தவறு. உறங்கிக்கொண்டிருக்கும் கருவை எழுப்பித்தான் "உன் சூடு என்ன?" என்று கேட்க முடியும் என்பதால், சில செயலிகளில் அந்தக் கேள்வியே சூட்டைச் சற்று ஏற்றிவிடுகிறது. உறங்கும் குழந்தையைத் தட்டியெழுப்பி "தூங்குகிறாயா?" என்று கேட்பதை ஒக்கும் இது.

சிலர் கையடக்கமான அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கிவந்து, தகட்டின்மேல் குறிவைத்து, "மென்பொருள் 80 என்கிறது, கருவி 35 என்கிறது, மென்பொருள் பொய்" என்பர். பளபளக்கும் உலோகம் தன் சூட்டுக்குரிய கதிர்களை மிகச் சிறிதளவே வெளிவிடும்; அதில் கருவி காண்பது பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பே. கறுப்பு மின்நாடா ஒரு துண்டை அதன்மேல் ஒட்டி, அதைக் குறிவைத்தால் தகட்டின் சூடு ஏறத்தாழச் சரியாகக் கிடைக்கும். அப்போதும் அது தகட்டின் சூடு, சில்லினுடையது அன்று.

மூன்றாவது, உயர்ந்த எண் கண்டால் கேடு என்று முடிவு கட்டுவதற்கில்லை. தண்ணீர் நூறில் கொதிப்பதற்கும் சிலிக்கனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சிலிக்கன் உருகுவது 1,414 பாகையில். சூடு ஏற ஏற மின்கசிவு பெருகும், உலோகக் கம்பிகளில் அணுக்கள் இடம்பெயர்ந்து தேய்வும் விரைவுறும் என்பதால்தான் 95, 100, 105 என்று வரம்பு வைக்கிறார்கள். "பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதி" என்று ஒரு வாய்பாடு உலவுகிறது. அது மின்தேக்கிகளுக்குச் சொல்லப்பட்டது. செயலிக்கு அதை அப்படியே ஒட்டவைப்பது முறையன்று. 2022ஆம் ஆண்டில் வந்த ரைசன் 7000 வரிசைச் செயலிகள், கடும் வேலையின்போது 95 பாகையை எட்டும்வரை தம் வேகத்தைத் தாமே கூட்டிக்கொண்டு போகும்படி வகுக்கப்பட்டவை. அவற்றிற்கு நல்ல தகடு வாங்கிப் பொருத்தினாலும் எண் 95ஐ விட்டு இறங்காமல் இருக்கலாம், வேகம்தான் கூடும். அத்தகைய செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்த்து விசிறியின் தரத்தை மதிப்பிட இயலாது.

ஆகவே எண்ணோடு சேர்த்து வேகத்தையும் பார்க்க வேண்டும் என்பேன். உற்பத்தியாளர் உறுதியளித்த அடிப்படை வேகத்திற்குக் கீழே செயலி இறங்குகிறதா? இறங்கினால் ஆற்றும் ஏற்பாட்டில் பழுது. இறங்கவில்லையாயின், எண் 85 என்றாலும் 90 என்றாலும் நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம். வரம்பை எட்டியதும் செயலி தானே அடங்கும். அதையும் கடந்து இருபது முப்பது பாகை ஏறுமானால் மின்சாரத்தையே துண்டித்துக்கொள்ளும். 2001இல் கருகிய அத்லானின் காலம் மலையேறிவிட்டது.

இன்னொரு சோதனையும் உண்டு; செலவில்லாதது. கணினியை இரவு முழுதும் அணைத்து வைத்து, காலையில் முடுக்கியவுடன் எல்லா வரிகளையும் ஒருமுறை குறித்துக்கொள்ளுதல். அறை 29 பாகையாயின், மெய்யான உணரிகள் எல்லாம் 30க்கும் 45க்கும் இடையில் எங்கேனும் இருக்கும். அறையினும் குறைவாக இருப்பது, 20 பாகை துருத்திக்கொண்டு நிற்பது, 127இல் முட்டி நிற்பது ஆகியவை தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும். பிறகு கனத்த வேலையொன்றைக் கால் மணி நேரம் ஓட்டி, அறைக்கு மேலே எத்தனை பாகை ஏறிற்று என்று எழுதி வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து அதே வேலையில் பதினைந்து பாகை கூடியிருப்பது தெரியவரும்போது தூசியை நினைத்துக்கொள்ளலாம். பல எண்களை ஒருநாள் பார்ப்பதைவிட, ஒரே எண்ணை இரண்டு நாள்களில் ஒப்பிடுவது மிகுந்த பயன் தரும். உணரியில் உள்ள பிசகு இரண்டு நாளும் ஒன்றாகவே இருப்பதால் கழித்தலில் அது அடிபட்டுப் போகிறது அல்லவா?

மறுநாள் மாலை நண்பரின் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். வெப்பத் தகட்டின் இதழ்களுக்கிடையே நான்காண்டுத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. அருகில் சாமி மேடை. ஊதுபத்திப் புகையின் பிசுபிசுப்பும் அதில் கலந்திருந்தது. தூரிகையால் துடைத்து, தகட்டைக் கழற்றிப் பார்த்தால், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய வெப்பப் பசை காய்ந்து பொருக்காகிவிட்டிருந்தது. பத்து வெள்ளிக்குப் புதுப் பசை வாங்கித் தடவி மூடினோம். அறையில் 30 பாகை. அதே பாடம், அதே நேரம்: கருக்கள் 74, 76, 75, 73, வேகம் 3.9ஐ விட்டு இறங்கவில்லை. சிவப்பெழுத்தில் 127 மட்டும் அப்படியே நின்றது. "இதை என்னண்ணே செய்வது?" என்று கேட்டார். அந்த வரியின்மேல் சுட்டியை வைத்து, மறைத்துவிடு என்ற கட்டளையை அழுத்தினேன்.